வாய்க்கரிசி

அரிசி, மக்காச்சோளம், கம்பு எதுவும் உடம்புக்கு ஆகாது என்று உலகநாதன் கையில் கட்டியிருந்த ஒவ்வாமைப் பட்டை கண்டுபிடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் மனைவி வடிவம்மாள் வீட்டில் சோறே வடிக்கவில்லை. "ஒரே ஒரு வாய் சோறு போடேன்" என்று கேட்டுக் கேட்டே மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

மோதிரத்தைக் கழற்றியவர்கள் பட்டையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். வடிவம்மாள் வாய்க்கரிசி போட்டதும் அது அலறியது.

"அரிசி! உடனே துப்பவும்!"

கழற்ற வந்த கொழுந்தனை அவள் தடுத்தாள்.

"கத்தட்டும், விடுங்க கொழுந்தனாரே. இன்னைக்காவது அவுக வாய் நெறைய சாப்பிடட்டும்."

இன்னொரு பிடி போட்டாள். பட்டை பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிதானமாக அறிவித்தது.

"ஒவ்வாமை அறிகுறி எதுவும் இல்லை. இனிமேல் தாராளமாக அரிசி சாப்பிடலாம்."