பச்சை விக்

“யாடியெல், அந்தச் சட்டையைக் கழட்டுடா. தீக்குச்சிக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்கு!”

நண்டை உடைச்சுக்கிட்டே ஒடெஸாம்மா சொன்னாங்க. மேசையே சிரிச்சது.

யாடியெல் விடுவானா? “உங்க மூக்கு முதல்ல வரும். நீங்க அடுத்த பஸ்ல வருவீங்க!”

பால்டிமோர்ல எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை சாப்பாடு இப்படித்தான். ஒடெஸாம்மா திருநங்கை. பெத்தவங்க கதவைச் சாத்தினதும் எங்களுக்குக் கதவைத் திறந்தவங்க. கறுப்புப் பிள்ளைங்க, போர்ட்டோ ரிக்கோ பிள்ளைங்க எல்லாருமே அவங்க பேரைப் போட்டுக்கிட்டுத்தான் அலங்கார நடைப் போட்டி மேடையில ஏறுவோம்.

கொஞ்ச நாளா அம்மா ஒரு பச்சை விக் மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. கண்கொண்டு பார்க்க முடியாது. மூக்கைக் கிண்டல் பண்ற நாங்க, அதைப் பத்தி மட்டும் மூச்சு விடலை.

“கார்னெல் கண்ணு, இன்னொரு நண்டு வைக்கட்டுமா?”

“போதும்மா” என்றான் கார்னெல்.

அவன் வந்து ஒரு மாசம்தான் ஆகுது. ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்னு சொன்னதுக்கு, அவங்க அப்பா பெட்டியை வாசல்ல வச்சுட்டாரு. நல்ல குண்டு. பெரிய சோபாவுலகூட ஓரமா ஒடுங்கித்தான் உட்காருவான்.

தட்டோட அடுப்படிக்கு வந்தவன், பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த என்கிட்ட மெதுவா கேட்டான்.

“ஜோஸ்லின், அம்மா எல்லாரையும் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. என்னை மட்டும் ஏன் ‘கண்ணு, கண்ணு’ங்கிறாங்க?”

“நீயும் பதிலுக்கு நாலு போடேன்.”

“போட்டா எனக்கு என்ன திரும்பி வரும்னு தெரியாதா? பள்ளிக்கூடத்துலேர்ந்து அந்த ஒரு வார்த்தையைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன். என் உடம்பைப் பார்த்து நீங்க எல்லாரும் பாவப்படறீங்க. வாயைத் திறந்தா அதுதான் வரும்னு அடக்கிக்கிட்டிருக்கீங்க. நான் இங்கே விருந்தாளிதான்.”

“அடேய்…”

“சனிக்கிழமை போட்டிக்கு நான் வரலை. அம்மா எனக்குத் தைச்ச அந்தத் தங்கக் கலர் கோட்டைப் பிடிச்சுத் தைச்சு வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

எனக்கு அழுகையே வந்துடுச்சு. சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல பையோட மாடியிலேர்ந்து இறங்கினான். அம்மா எழுந்து நின்னாங்க.

“எங்கே கிளம்பிட்டே கண்ணு? வழிக்கு நண்டு கட்டித் தரட்டுமா?”

அவ்வளவுதான். வெடிச்சுட்டான்.

“இந்தக் கண்ணு கிண்ணு எல்லாம் வேண்டாம்! என்னைப் பார்த்துப் பாவப்படறதுக்கு முன்னாடி நீங்க கண்ணாடியைப் பாருங்க. அது விக்கா? லாரியில அடிபட்ட கீரைக்கட்டைப் பொறுக்கித் தலையில வச்சிருக்கீங்க!”

கார்னெல் தன் வாயைத் தானே பொத்திக்கிட்டான். “அம்மா… மன்னிச்சுடுங்க…”

அம்மா கையைத் துடைச்சாங்க. அவனை ஏற இறங்கப் பார்த்தாங்க.

“ஏன்டா, மேடையில நடக்கச் சொன்னா பேங்க் க்யூவில நிக்கிற மாதிரி நகர்றே, உனக்கு இவ்வளவு வாயா?”

யாடியெல் நண்டு உடைக்கிற சுத்தியலால மேசையைத் தட்டிக் கூத்தாடினான். “நீ பாடினா ஷவர்ல தண்ணியே நின்னுடுதுடா!”

“அந்தப் புருவத்தை யார்கிட்ட எடுத்தே? உனக்கு ஆகாதவங்ககிட்டயா?” இது நான். ஒரு மாசமா அடக்கி வச்சது!

கார்னெலோட பை கீழே விழுந்தது. சிரிக்கிறானா அழறானான்னு தெரியலை. ரெண்டும்தான்.

“யாருமே… என் உடம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?”

“குறை இருந்தாத்தானேடா சொல்றதுக்கு?” அம்மா சொன்னாங்க. “அந்தக் கோட்டுல நீ நின்னப்போ, தைச்ச எனக்கே திமிர் வந்துடுச்சு.”

“அப்போ இத்தனை நாளா ஏன்…?”

“புதுசா வர்ற பிள்ளை முதல்ல என்னைக் கலாய்க்கணும். அது வரைக்கும் யாரும் அதைக் கலாய்க்கக் கூடாது, விஷயத்தைச் சொல்லவும் கூடாது. இந்த வீட்டுச் சட்டம். அம்மாகிட்டயே பயம் போனாத்தானே அது உன் வீடு?”

சொல்லிக்கிட்டே விக்கைப் பிடுங்கி நண்டு ஓட்டுக் குவியல்ல வீசினாங்க. உள்ளே சுருள் சுருளா, அழகான முடி.

“யப்பா! நீ வந்த மறுநாள், உன் வாயைத் திறக்க வைக்கணும்னே தேடிப் பிடிச்சு வாங்கினேன்டா இந்தக் கண்றாவியை. அரிப்பு தாங்கலை!”