கிட்டவும் எட்டவும்

முற்றத்துப் பந்தலின் கீழ் தியாகலிங்கத்தின் உடல் கிடக்கிறது. பறை ஓய்ந்துவிட்டது, வாய்க்கரிசி போடும் நேரம். கனடாவிலிருக்கும் மகன் செந்தூரன் கைபேசிக்குள் அழுகிறான். "இன்னும் கிட்டப் பிடியக்கா." உதயகலா தகப்பனின் முகத்தருகே கைபேசியைத் தாழ்த்துகிறாள், அதன் வெளிச்சம் நெற்றித் திருநீற்றின்மேல் நடுங்குகிறது. "சித்தப்பா வந்தவரோ?" அவள் அதைப் பக்கத்து வளவுப் பக்கம் திருப்புகிறாள். "எட்டத்தான் நிக்கிறார்." காணி எல்லைச் சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட தம்பி பொன்னம்பலம், இடுப்பளவு கிடுகு வேலிக்கு அப்பால், அண்ணனின் தலைமாட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி, வெறும் மேலோடு நிற்கிறார். "கிட்ட வாங்கோ சித்தப்பா," கைபேசி கூப்பிடுகிறது. அவர் அசையவில்லை. தன் வீட்டிலிருந்தே அள்ளிவந்த அரிசி, இறுக மூடிய கையின் விரலிடுக்கால் வேலியடியில் உதிர்கிறது.