முப்பத்தெட்டுப் பயணிகள்

பெட்டியோடு கிளம்பிய செயலாளரை மனைவி வாசலிலேயே மடக்கினாள்.

"பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க பயணம்? திரும்பி வர எத்தனை நாள் ஆகும்?"

"ஒன்பது மணிக்கு வந்துடுவேன். நீயும் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வா. முகத்துல கொஞ்சம் அவசரம் இருக்கட்டும்."

"என் தலையணையைக் காணோமே, பாத்தீங்களா?"

"பெட்டிக்குள்ள இருக்கு. காலிப் பெட்டின்னா தூக்கும்போதே தெரிஞ்சுடும்."

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் ஏற்கெனவே முப்பத்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் நிஜமாகவே எங்காவது போக வேண்டியவள் ஒரே ஒருத்தி, சீட்டக்கா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவள் என்பதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் அது.

ஒரு காலத்தில் இங்கே கால் மணிக்கு ஒரு பஸ் நின்றது. ஒவ்வொன்றாகக் கழற்றி, இப்போது காலையில் மிஞ்சியிருப்பது எட்டு நாற்பது பஸ் மட்டும்தான். அதற்கும் வேட்டு வைப்பதற்காக, பயன்படாத நிறுத்தங்களை எடுத்துவிடப் போகிறோம் என்று கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்றைக்குக் கணக்கெடுப்பு. அடுத்த நிறுத்தம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். முழங்காலில் தகடு வைத்திருக்கும் சீட்டக்காவால் தினமும் அந்தப் படிகளை ஏறி இறங்க முடியாது. நிறுத்தம் போனால் அவள் வேலையும் போச்சு.

"நான்தான் தினமும் ஏறுறேனே சார், அது போதாதா?" என்று நேற்றே செயலாளரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஒரு ஆளை வெச்சுக்கிட்டு என்னம்மா வாதாடறது? கும்பலைக் காட்டணும். எல்லாரும் ஏறி, பாலம் தாண்டி இறங்கி, பொடிநடையா வந்துடுவோம். நீ பேசாம இரு."

குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் உருப்படியாகப் போட்ட முதல் திட்டம். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

கணக்கெடுக்க வந்தவர் அட்டையில் செருகிய தாளோடு ஓரமாக நின்றார். கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"தினமும் இவ்வளவு கூட்டமா வரும்?"

"இன்னிக்குக் குறைச்சல் சார்," என்றார் செயலாளர், கண் இமைக்காமல்.

"நானெல்லாம் பஸ் இல்லேன்னா செத்தேன் சார்," என்று ஒத்து ஊதினார் சலூன்காரர். காதில் செருகியிருந்த சீப்பை எடுக்க மறந்திருந்தார்.

எட்டு நாற்பது ஆயிற்று. எட்டு ஐம்பதும் ஆயிற்று. பஸ்ஸைக் காணோம். பெட்டிகளும் பைகளும் கை மாறின. நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி ஊன்றினார்கள்.

"ஒருத்தருக்குப் பாதி முகம் ஷேவ் பண்ணி உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன்," என்று முனகினார் சலூன்காரர். "சோப்பு காஞ்சே போயிருக்கும்."

"நான் அடுப்பை அணைச்சேனா இல்லையான்னே ஞாபகமில்ல," என்றாள் செயலாளரின் மனைவி.

"வீடு எரிஞ்சாலும் பரவாயில்ல, ஒருத்தரும் நகரக் கூடாது!" செயலாளர் பல்லைக் கடித்தார்.

ஒன்பது மணி. சீட்டக்கா மணியைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக நின்றாள்.

"போற இடமே இல்லாத எனக்கே இப்படிப் பதறுதே," என்று அவள் காதோரமாகச் சொன்னார் சலூன்காரர். "நீங்க எப்படிக்கா தினமும் நேரத்துக்குப் போய்ச் சேர்றீங்க?"

"எவ்வளவு லேட்டா எடுத்தாலும் டிரைவர் வழியில பிடிச்சுடுவாரு. மார்க்கெட்ல அவ்வளவு பேர் நிப்பாங்க, அங்க நிறுத்தவே மாட்டாரு. எல்லாரையும் ஏத்தினா கதவு மூடாது, வண்டி பாலம் ஏறாதாம். அதுல பத்து நிமிஷம் மிச்சம்."

"பேஷ்! நல்லாத்தான் நடத்துறாங்க பஸ்ஸு."

ஒன்பது ஐந்துக்கு வளைவில் பஸ்ஸின் தலை தெரிந்தது. மூன்று வயசுப் பிள்ளைகள் போல அத்தனை பேரும் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தினார்கள்.

"முன்னாடி வாங்க! எல்லாரும் கையைக் காட்டுங்க!" என்று செயலாளர் விரட்டினார்.

கும்பல் ரோட்டு ஓரத்துக்குப் பாய்ந்தது. பெட்டி, பை, குடை எல்லாம் உயர்ந்தன. சீட்டக்கா காட்டிய கை அவற்றுக்கு நடுவில் எங்கேயோ இருந்தது.

பஸ் வேகம் குறைந்தது போல இருந்தது. அடுத்த நொடி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு நடு ரோட்டுக்கு ஒதுங்கி, அத்தனை பேர் முகத்திலும் புழுதியை அடித்துவிட்டுப் பறந்துவிட்டது.

செயலாளர் பெட்டியும் கையுமாகப் பத்தடி ஓடி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கணக்கெடுக்க வந்தவர் அதற்குள் தாளில் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"என்ன சார் சைபர் போடறீங்க? முப்பத்தெட்டுப் பேர் நிக்கிறோம், கண்ணு தெரியலையா? பஸ் நிக்காமப் போச்சுன்னு எழுதுங்க!"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க. எத்தனை பேர் ஏறினாங்கன்னு மட்டும்தான் கேட்டிருக்காங்க." அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "ஒரே ஒருத்தர் ஏறியிருந்தாக்கூடப் போதுங்க, ஸ்டாப் தப்பிச்சிருக்கும். யாருமே ஏறாத ஸ்டாப்பைத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

செயலாளர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சீட்டக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் தனியா நின்னிருந்தா நிறுத்தியிருப்பாரு சார்."