மாமா உட்கார்ந்த பெட்டி

சனிக்கிழமை மத்தியானம். புழுக்கம் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சாய்மோனி தன் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்தினார். வாசல் கதவுக்குத் தாழ் போட்டார். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, டார்ச்சும் கையுமாகத் தரையில் மண்டியிட்டார்.

"யாராவது வர்றாங்களா பாரு," என்றார் மனைவியிடம்.

"நம்ம வீட்டுலயே நாம திருடுற மாதிரி இருக்கு. சீக்கிரம் முடிங்க, மூச்சு முட்டுது," என்றாள் லவேனியா.

தரையில் ஒருக்களித்துக் கிடந்தது வாஷிங் மெஷின். அதன் மோட்டார் கருகி மூன்று வாரமாகிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சீருடையைக் கையால் பிழிந்து பிழிந்து லவேனியாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணி சுற்றிக் கட்டியிருந்தாள். காய்கிற துணி மேல் கரும்பு ஆலைக் கரி வேறு வந்து விழுந்து, துவைத்ததையே மறுபடி துவைக்க வைத்தது.

சொந்த மெஷினுக்கு மோட்டார் மாற்ற இத்தனை ஒளிவுமறைவு எதற்கு என்றால், எல்லாம் இசிகேலிக்காகத்தான். சாய்மோனியின் அக்கா மகன். எங்கள் ஃபிஜியில் உறவுக்காரர் ஒருவர் வந்து "கேரேகேரே" என்று ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அக்கா மகன் கேட்டால் பேச்சே இல்லை.

முந்தின வருஷம் புல்வெட்டும் மெஷின் அப்படித்தான் போனது. போன வருஷம் வாஷிங் மெஷினே போனது. அதே கம்பெனியில் அதே மாடல் இன்னொன்று வாங்கி வைத்த அன்றே, "இதுவும் போச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்று லவேனியா சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

இசிகேலியும் கெட்டவன் அல்ல. புயலில் கூரை பறந்தபோது ஏணியோடு முதலில் வந்து நின்றவன் அவன்தான். அதனால்தான் சாய்மோனிக்கு இன்னும் சங்கடம்.

பழைய மோட்டாரைக் கழற்றியாயிற்று. புதியதை வெளியே எடுக்க அட்டைப் பெட்டியில் கை வைத்தார். வாசல் கதவு தடதடத்தது.

"மாமா! இருக்கீங்களா?"

இருவரும் அசையவில்லை. காலடிச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனது. உறவுக்காரர் வருகிற அந்தக் கதவுக்கு எந்த வீட்டிலும் தாழ்ப்பாளே கிடையாது.

வேறு வழியில்லை. சாய்மோனி பெட்டி மேல் துண்டைப் போட்டார், துண்டு மேல் தானும் உட்கார்ந்துவிட்டார். உள்ளிருந்த மோட்டார் இடக்குமடக்கான இடத்தில் குத்தியது.

இசிகேலியின் கையில் ஒரு கொத்து மீன். கால்சட்டைப் பையில் ஒரு ஸ்பானர் துருத்திக்கொண்டிருந்தது. கரும்பு ஆலை வேலையில் அவனுக்கு இன்று லீவு. மெஷினைக் கழற்றிக்கொண்டு போகத் தயாராகவே வந்திருக்கிறான் என்று சாய்மோனி முடிவு கட்டிவிட்டார்.

மீனை லவேனியாவிடம் கொடுத்துவிட்டு அவன் பாயில் சம்மணம் போட்டான்.

"என்ன மாமா, எங்களுக்கு மேல ஏறி உக்காந்துட்டீங்க? ஊர்த் தலைவர் ஆயிட்டீங்களா?"

"முதுகுவலிடா. கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியல."

"ஜன்னலெல்லாம் ஏன் சாத்திக் கிடக்கு?"

"கரி... கரி உள்ள வருது."

அவன் பார்வை மெஷின் மேல் போய் நின்றது. "மோட்டார் போச்சா மாமா? அவ்வளவுதானே, புதுசு மாட்டினா ஓடிடும்."

"ஓடாது!" என்று கத்தினார் சாய்மோனி. பிறகு குரலை இறக்கினார். "தொட்டி துருப்பிடிச்சு ஓட்டை. உள்ள போர்டும் எரிஞ்சுபோச்சு. தங்கத்துல மோட்டார் செஞ்சு மாட்டினாலும் ஓடாது. திங்கக்கிழமை பழைய இரும்புக்குப் போடப்போறேன்."

"ஆமாம்ப்பா, சுத்த உதவாக்கரை," என்று சமையலறையிலிருந்து லவேனியாவும் சேர்ந்துகொண்டாள்.

"நிச்சயமாவா மாமா?"

"நாளைக்குச் சர்ச்சுல நின்னு வேணும்னாலும் சொல்றேன்."

இசிகேலி பையிலிருந்த ஸ்பானரை எடுத்துப் பாயில் வைத்தான். தப்பித்தோம் என்று சாய்மோனி பெருமூச்சு விட்டார்.

"இது தெரியாமப் போச்சே மாமா. போன வருஷம் நீங்க கொடுத்தீங்களே, அந்த மெஷினும் மோட்டார் போய் நிக்குது. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு உங்க மருமக படாத பாடு படறா. காலையில கடைக்குப் போனா, கடைசி மோட்டாரை உங்க மாமா நேத்தே வாங்கிட்டாரு, இனிமே கப்பல்ல வர நாலு மாசம் ஆகும்னுட்டாங்க. சரி, அத்தைக்குத்தான் கை வீங்கியிருக்கு, அவங்களுக்குத்தான் முதல்ல வேணும், மாமாவுக்கு ஒத்தாசையா நானே மாட்டிக் கொடுத்துட்டு வரலாம்னு வந்தேன்."

லவேனியா ரேடியோவை நிறுத்தினாள். சாய்மோனி சர்ச்சின் பெயரை இழுத்துச் சொல்லி முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கும்போது தட்டுவதுபோல, இசிகேலி தலையைக் குனிந்து மெல்ல மூன்று முறை கைதட்டினான்.

"கேரேகேரே. கொஞ்சம் எழுந்திருங்க மாமா."