இடுப்புக் கொக்கி

அவர் சமையலறைக்குள் நுழைந்ததும், மனைவி கையிலிருந்த எதையோ சட்டென்று ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சின்னதாக, பளபளவென்று ஏதோ ஒன்று. வெண்ணெய் சுற்றி வரும் தாள் அப்படித்தான் மின்னும்.

"என்ன அது?"

"எது?"

"பையில போட்டியே, அது."

"எல்லாத்தையும் உங்களுக்குக் காட்டணுமா? கஞ்சி ஆறுது, உட்காருங்க."

மேசையில் சர்க்கரை போடாத ஓட்ஸ் கஞ்சி, மஞ்சள் கரு நீக்கிய அவித்த முட்டை, நறுக்கிய வெள்ளரிக்காய். பன்னிரண்டு வாரமாக இதே மூன்று முகங்கள்தான் காலையில் அவரைப் பார்க்கின்றன.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ரத்தத்தில் சர்க்கரையும் உடம்பில் எடையும் மூன்று மாதத்தில் குறையாவிட்டால் கேபினில் ஏறவே கூடாது என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் கீழே கேட்டருகில் நாற்காலி போட்டு, வருகிற லாரிகளை எண்ண வேண்டியதுதான். ஆறு மாடி உயரத்தில், பேச்சுத் துணைகூட இல்லாமல், இருபத்திரண்டு வருடம் நிம்மதியாக இருந்த மனிதருக்கு அதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்றைக்குத்தான் முடிவு சொல்லும் நாள்.

முடிவு என்னவென்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். சீருடைப் பேன்ட்டுக்கு பெல்ட் கிடையாது, இடுப்பில் ஒரு கொக்கிதான். அது வாரத்துக்கு வாரம் இறுகிக்கொண்டே வந்தது. அந்தப் பயத்திலேயே டீக்குச் சர்க்கரை கேட்பதை விட்டார், வேலையிடத்தில் யாரோ நீட்டிய பிறந்தநாள் கேக்கைக்கூடத் தொடவில்லை. அப்படியும் இன்று காலை மூச்சை உள்ளே இழுத்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் கொக்கியை மாட்ட முடிந்தது.

"எடை பார்க்கிற மிஷின் எங்க? ரிப்பேருக்குக் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு."

"கடையில இருக்கு. இருந்தா மட்டும் என்ன? ரெண்டு கிலோ குறைஞ்சுதுன்னு மிஷின் சொன்ன அன்னிக்கே முழு கேக்கை வாங்கிட்டு வந்து தின்னவர்தானே நீங்க."

அவர் மணிக்கட்டிலிருந்து வழுக்கி விரல்களுக்கு வந்துவிட்ட கைக்கடிகாரத்தை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். அதன் வாரும் பழசாகிவிட்டது.

நேற்றுச் சாப்பாட்டு வேளையில் சகா சொன்னது காதில் ரீங்கரித்தது. கிரேனுக்குக் கீழே நின்று கொடி காட்டுபவன் அவன், மோப்பப் புத்தியால் 'சிஐடி' என்று பெயர் வாங்கியவன். "அண்ணே, கஞ்சி குடிச்சு எந்த ஊர்லயாவது மனுஷன் பெருப்பானா? சமைக்கிற கை மேல ஒரு கண்ணு வைங்க. நீங்க மேல ஏற வேணாம்னு வீட்ல நினைப்போ என்னமோ."

அந்த ஒரு வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்வது அதைத்தானே. 'நீங்க இறங்கி வர்ற வரைக்கும் என் உயிர் என்கிட்ட இல்ல.'

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவர் மனைவிதான் தையல்காரி. மனைவி அந்தப் பக்கம் போனதும், அவர் கஞ்சியில் பாதியை ஒரு மருந்துப் புட்டியில் ஊற்றி மூடி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவளும் கைப்பையோடு வந்து நின்றாள். "நானும் வரேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வந்ததில்லையே?"

"இன்னிக்கு வரணும்."

வழியெல்லாம் அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். தான் கீழே இறக்கப்படுவதைக் கண்ணாரப் பார்க்கத்தான் வருகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்காகத் தன் மீதே ஒரு கசப்பும் வந்தது. கஞ்சியை விட அது மோசமாக இருந்தது.

கம்பெனி மருத்துவமனையில் நர்ஸ் எடை பார்த்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் முன்பு கொடுத்த ரத்தத்தின் அறிக்கை டாக்டரம்மாவின் மேசையில் இருந்தது. டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சர்க்கரை அளவுக்குள்ள வந்திருக்கு. எடை ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. தாராளமா மேல ஏறலாம்."

கிரேன்காரர் சிரிக்கவில்லை.

"டாக்டர், உங்க மிஷின்ல கோளாறு. நான் பெருத்திருக்கேன். இந்தக் கொக்கியைப் பாருங்க, உட்கார்ந்தா மூச்சு முட்டுது." புட்டியை எடுத்து மேசை மீது வைத்தார். "காலையில எனக்குக் கொடுத்த கஞ்சி இது. இதுல என்ன கலந்திருக்குன்னு நீங்க சோதிச்சு, இவ முன்னாடியே சொல்லணும்."

டாக்டரம்மா புட்டியைத் திறந்து முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெறும் ஓட்ஸ்தான். எனக்கெல்லாம் இப்படி இருந்தா இறங்காது."

மனைவி புட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாமல் அவர் தலை தானாகக் குனிந்தது.

அவள் கைப்பையைத் திறந்தாள். காலையில் ஏப்ரனுக்குள் மறைந்த அந்தப் பளபளப்பு வெளியே வந்தது. தையல் பிரிக்கிற சின்னக் கத்தி.

"எழுந்து நில்லுங்க. இடுப்புல வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு இஞ்ச் பிடிச்சுத் தைச்சிருக்கேன், பிரிச்சு விடறேன்."