தாய்மாமன் சீர்

மெடிக்கல் சீட்டுக்கு இலக்கியாவுக்குப் பதினொரு மார்க் குறைந்தது. ரிசல்ட் வந்த மதியமே அவள் தாய்மாமன், பள்ளியில் இயற்பியல் நடத்தும் சௌந்தரபாண்டி, மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தார். தட்டில் பட்டு, பழம், வெற்றிலை, நடுவில் அவருடைய போன். இலக்கியா அதில் விரலை வைத்ததும் அவர் அந்தக் காலத்தில் பரீட்சை எழுதி வாங்கிய மார்க்கில் பதினொன்று அவள் பெயருக்கு மாறியது. தெருவே குலவையிட்டது.

“சீட்டு கெடச்சிருச்சு மாமா!”

அம்மா மட்டும் அண்ணன் காதருகே குனிந்தாள். “அண்ணே, வாத்தியார் வேலைக்கு வேண்டியதுக்கு மேல ஒனக்கு ரெண்டு மார்க்குதானே இருந்துச்சு?”

அவர் சிரித்தார்.

“மாமா, காலேஜ் போறதுக்குள்ள அந்த ஒளிப்பாடத்தை இன்னொரு தடவை நடத்துங்க.”

“இப்பவே நோட்டை எடு தாயி. வாத்தியார் லிஸ்ட் அஞ்சு மணிக்குத்தான் மாறும். அதுவரைக்கும் நான் வாத்தியார்தான்.”