இடது பக்கத்துப் படம்

கணக்கு டீச்சருக்கு இடது மார்பை எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது வலது பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தங்கையோடு மருத்துவமனைக்குப் போனாள். வலது மார்பைத் தட்டில் வைத்ததும் இயந்திரம் அழுத்தியது. நர்ஸ் பழக்கதோஷத்தில், "அடுத்து இடது பக்கம்" என்றாள்.

"அதுதான் இல்லையேம்மா."

பிறகு ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் திரையில் பார்த்தார்.

"பயப்படாதீங்க. புற்றுநோய் இல்ல, வெறும் நீர்க்கட்டிதான்."

"வயித்துல பால வார்த்தீங்க டாக்டர்" என்றாள் தங்கை.

"இடது பக்கமும் சுத்தம்." அவர் அடுத்த படத்தைக் காட்டினார். முழு மார்பு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. "பால் கட்டியிருக்கு, அவ்வளவுதான். கைக்குழந்தை இருக்கா?"

டீச்சருக்குப் பிள்ளையே பிறந்ததில்லை.

"வேற யாரோட படமோ கலந்துடுச்சு" என்றாள் தங்கை.

"உங்க அக்கா பேருதாம்மா போட்டிருக்கு."

டீச்சர் வீட்டுக்கு வந்து, உடை மாற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இடது பக்கம், தழும்பின் மேல், ரவிக்கை நனைந்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அது அழ அழ, ஈரம் மெல்லப் பரவியது.